மீன் வறுவலுக்கும் சொதிக்கும் வெர்மென்டீனோ

வறுத்த மீனோடு எந்த ஒயின் வாங்கலாம் என்று மும்பை செம்பூரில் எங்கள் சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் என் பதில் வெர்மென்டீனோதான். இத்தாலியின் லிகூரியா, டஸ்கனிக் கடற்கரைகளிலும் விளையும் வெள்ளைத் திராட்சை இது; இதில் செய்யும் ஒயினுக்கும் அதே பெயர். ஆனால் அதன் சிறப்பு சார்டினியா தீவில்தான். லேபிளில் ‘வெர்மென்டீனோ டி கல்லூரா’ என்று இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். கல்லூரா, தீவின் வடகிழக்குப் பகுதி. கருங்கல் பொடிந்த மணல், ஓயாமல் வீசும் மிஸ்ட்ரல் காற்று. 1996இல் இத்தாலியின் உயர்ந்த தரச்சான்றான டி.ஓ.சி.ஜி. இதற்குக் கிடைத்தது. சார்டினியாவில் அந்தச் சான்று உள்ள ஒயின் இது ஒன்றுதான். பெரும்பாலும் இளசாகக் குடிக்கிற ஒயின் என்பதால் இரண்டு மூன்று வருடத்துக்குள் உள்ள பாட்டிலாகப் பாருங்கள். வெயில் படும் அலமாரியில் நின்ற பாட்டில் வேண்டவே வேண்டாம். மும்பை வெக்கையில் ஒயின் சீக்கிரம் கெட்டுவிடும்.

குடித்தால் எலுமிச்சை, பச்சை மூலிகை வாசம், நாக்கில் லேசான உப்பு, கடைசியில் பாதாம் தோலின் மெல்லிய கசப்பு. புளிப்பு எண்ணெயை அறுக்கும், உப்பு மீனோடு சேரும். கறிவேப்பிலை, கொத்தமல்லி வாசமும் இதற்கு நன்றாகப் பொருந்தும்.

மார்க்கெட்டில் கோலி மீனவப் பெண்களிடம் பொம்பில் (பாம்பே டக்) மீன் வாங்கி, நீரைப் பிழிந்து, ரவையில் புரட்டிப் பொரித்தால் அதுதான் முதல் ஜோடி. அடுத்தது வாவல். காரத்தில் மட்டும் கை அடக்கம் வேண்டும், ஏனென்றால் ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். அரைக் கிலோ மீனுக்கு ஒரு தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும். மஞ்சள், பூண்டு, கொஞ்சம் மிளகு சேர்த்து, இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள். லேபிளில் ‘சுப்பீரியோரே’ (உயர் வகை) என்று போட்டிருந்தால் ஆல்கஹால் குறைந்தது 13 சதவீதம் இருக்கும். அன்றைக்கு மிளகாயை இன்னும் குறைக்கலாம்.

புளி ஊற்றிய மீன் குழம்போடு மட்டும் இதைத் திறக்காதீர்கள். புளியின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சிவிடும், ஒயின் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். குழம்பு எனக்கு உயிர், அதனால்தான் இரண்டையும் சேர்த்து வீணாக்க மனசு வராது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பொருத்தம் நம் திருநெல்வேலிச் சொதிதான். தேங்காய்ப்பாலின் இனிப்பு, இஞ்சிச் சாறு, கீறிப் போட்ட பச்சை மிளகாய், வெந்த பாசிப்பருப்பு, இறக்கிய பின் பிழிந்த எலுமிச்சை: இதில் எதுவும் வெர்மென்டீனோவோடு மோதாது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு வாயில் படர்ந்திருக்கும்போது ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், அடுத்த கவளத்துக்கு வாய் தயாராகிவிடும். மீன் சாப்பிடாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ் சரி. வழக்கமான இஞ்சிப் பச்சடியை அன்றைக்கு விட்டுவிடலாம், அதிலும் புளி இருக்கிறது.

சார்டினியாக்காரர்கள் மடவை மீனின் சினையை உப்பிட்டு உலர்த்தி, பாஸ்தாமேல் துருவிப் போடுவார்கள். பொத்தார்கா என்று பெயர். அது வெர்மென்டீனோவோடு சேரும்போது நெத்திலிக் கருவாடு மட்டும் சேராதா? வெங்காயம் நிறையப் போட்டு, காரம் குறைத்து, மொறுமொறுவென்று வறுங்கள்.

குளிர்ச்சி 8 முதல் 10 டிகிரி. ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்ட பாத்திரத்தில் இருபது நிமிடம். நம் ஊர்ச் சூட்டில் கிளாஸ் சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிடும், அதனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மீந்ததை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.