ஹார்டெயிலிலிருந்து ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறுவோர் கவனிக்க வேண்டியவை

முன்புறம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டெயில் மலைமிதிவண்டியில் பழகியவர்கள், அடுத்து முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி வாங்கும்போது 160, 170 மி.மீ. டிராவல் (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம்) உள்ளதையே பெரும்பாலும் நாடுகிறார்கள். ஆனால் வேரும் கல்லும் நிறைந்த வழக்கமான காட்டுப் பாதைகளுக்குப் பின்புறம் 120 முதல் 140 மி.மீ. வரை இருந்தாலே தாராளம். அதற்கு மேல் போனால், ஏற்றத்தில் கூடுதல் எடையைச் சுமந்து மிதிப்பதுதான் மிச்சம்.

கடையில் இருக்கையைக் கையால் அமுக்கிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வழக்கமாக அணியும் தலைக்கவசம், தண்ணீர்ப் பையுடன் ஏறி, சுவரைப் பிடித்தபடி அமர்ந்து, பின்புறக் காற்று ஷாக்கின் (காற்றழுத்தத்தால் அதிர்வைத் தாங்கும் பாகம்) தண்டில் உள்ள ரப்பர் வளையத்தை, தண்டு உள்ளே நுழையும் இடத்திலுள்ள சீல் வரை தள்ளிவிட்டு, வண்டியைக் குலுக்காமல் இறங்கி, வளையம் நகர்ந்திருக்கும் தூரத்தை அளந்து பாருங்கள். ஷாக்கின் ஸ்ட்ரோக் (அது முழுதும் அமுங்கும் தூரம்) 50 மி.மீ. என்றால் ஏறத்தாழ 13 முதல் 15 மி.மீ., அதாவது 25 முதல் 30 சதவீதம், அமிழ்ந்திருக்க வேண்டும். காற்றழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ இந்த அளவுக்குக் கொண்டுவராமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி துள்ளுகிறது என்று ஒதுக்குவது அதற்குச் செய்யும் அநியாயம்.

பழைய வண்டியானால், பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்து, சட்டத்தின் பின்பகுதி அசையும் இணைப்புகளிலுள்ள பிவட் பேரிங்குகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.