ஜன்னல் இல்லாத குளியலறையும் நீண்ட குழாயும்: எக்ஸாஸ்ட் ஃபேனைத் தேர்ந்தெடுக்கும் முறை

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும் குளியலறைக்கு வெளிச்சுவரே இருப்பதில்லை. வெந்நீர் ஆவி வெளியேற வேண்டுமானால் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஆறேழு மீட்டர் குழாய் இழுத்து, பால்கனிப் பக்கமோ ஓடிஎஸ் (கட்டடத்துக்கு நடுவே வானம் பார்க்க விடப்படும் திறந்தவெளி) பக்கமோ கொண்டுபோய் விட வேண்டும். கடையில் முதலில் எடுத்துக் காட்டப்படும் இறக்கை வகை ஃபேன், சுவரில் துளையிட்டு நேரே வெளியே ஊதுவதற்கென்று செய்யப்பட்டது. அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றளவு எதிரில் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது என்பதால், அதை மட்டும் பார்த்து வாங்கினால் ஃபேன் சுற்றும், சத்தமும் வரும், ஆனால் கண்ணாடியில் படிந்த ஆவி அப்படியே இருக்கும்.

முதலில் எவ்வளவு காற்று வெளியேற வேண்டும் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 8 அடி நீளம், 5 அடி அகலம், 8 அடி உயரமுள்ள குளியலறையின் கொள்ளளவு 320 கன அடி. அந்தக் காற்று மணிக்கு எட்டு முறை மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 43 கன அடி தேவை. ஆயினும் சிறிய குளியலறைக்கும் 50 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 50 கன அடி), அதாவது மணிக்கு 85 கன மீட்டர், குறையாமல் வைப்பதே பொதுவான வழக்கம். குழாயின் மறுமுனையில் உண்மையாகவே வந்து சேர வேண்டிய அளவு இது.

இனி, குழாய் தரும் தடை. 4 அங்குலக் குழாயில் இந்த அளவு காற்று போகும்போது, வழுவழுப்பான பிவிசியாக இருந்தால் மீட்டருக்கு ஒன்றரை பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு அழுத்தம் இழக்கப்படும். நீளத்தைவிட வளைவுகளே அதிகம் படுத்தும். பிளம்பர் மாட்டும் 90 டிகிரி எல்போ ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான தடையைத் தரும். 7 மீட்டர் குழாய், மூன்று எல்போ, உள்ளே கிரில், வெளியே ஷட்டர் என்று எல்லாவற்றையும் கூட்டினால் 30 முதல் 40 பாஸ்கல் வரை வந்துவிடுகிறது. சிறிய இறக்கை வகை ஃபேன்கள் பலவற்றின் உச்ச அழுத்தமே அவ்வளவுதான். உச்ச அழுத்தம் என்றால் காற்று சிறிதும் நகராத நிலை என்பதை விற்பனையாளர்கள் சொல்வதில்லை.

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டியது, அழுத்தம் கூடக்கூடக் காற்றளவு எப்படிக் குறைகிறது என்று காட்டும் வரைபடம். கணக்கில் வந்த அழுத்தத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைத்து, அதில் 50 பாஸ்கலுக்கு நேரே மணிக்கு 85 கன மீட்டருக்குக் குறையாமல் கிடைக்கிறதா என்று பாருங்கள். சில அட்டவணைகளில் அழுத்தத்தை நீர்த்தம்ப உயரமாக, மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 10 பாஸ்கல். வரைபடமே தராத ஃபேனை நீண்ட குழாய்க்கு வாங்காமல் விடுவது நல்லது. இந்தத் தேவைக்குப் பெரும்பாலும் பொருந்துவது, குழாயின் நடுவே பொருத்தப்படும் மிக்ஸ்டு ஃப்ளோ இன்லைன் ஃபேன். அதைக் குளியலறையிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க முடிவதால் இரைச்சலும் குறைகிறது. ஆனால் அதற்கு நேர் கீழே ஃபால்ஸ் சீலிங்கில் திறந்து மூடும் பலகை ஒன்று விட்டுவைக்காவிட்டால், மோட்டார் பழுதாகும் அன்று சீலிங்கையே உடைக்க நேரும். குளியலறைக் கூரையிலேயே பொருத்துவதானால் ஐபிஎக்ஸ்4 தரமும் (நீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான குறியீடு) பால் பேரிங் மோட்டாரும் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெரிய ஃபேன் வாங்குவதைவிடப் பெரிய குழாய் போடுவது மலிவான வழி. 4 அங்குலத்துக்குப் பதில் 5 அங்குலம் போட்டால் உராய்வு மூன்றில் ஒரு பங்காகிவிடும். சுருக்கம் சுருக்கமான அலுமினிய ஃப்ளெக்சிபிள் குழாயை ஃபேனோடு இணைக்கும் ஓரடிக்கு மட்டும், அதுவும் நன்றாக இழுத்து, பயன்படுத்தலாம். தொய்வாக விட்டால் தடை பல மடங்காகும், பள்ளத்தில் நீரும் தேங்கும். குளிரூட்டிய படுக்கையறைக்கு மேலே குழாய் போனால் ஆவி உள்ளேயே குளிர்ந்து சொட்டும் என்பதால், வெளிப்புறம் நோக்கிச் சிறு சரிவு கொடுத்து, மேலே இன்சுலேஷன் சுற்ற வேண்டும். வெளிமுனையில் புறா நுழையாமல் அரை அங்குலக் கண்ணுள்ள வலை போதும். கொசுவலை போட்டால் சில மாதங்களில் தூசு அடைத்துக்கொள்ளும். கழிவுநீர்க் குழாயின் வென்ட்டில் இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நாற்றம் திரும்பி வருவது அந்த வழியாகத்தான்.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும் என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. கதவின் அடியில் குறைந்தது 10 மி.மீ. இடைவெளியோ, கதவில் லூவரோ (காற்று புகும் சாய்ந்த பட்டைத் திறப்பு) தேவை. கேஸ் கீசர் மட்டும் இந்த அறையில் கூடவே கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு ஆபத்து நீங்காது, எரிந்த புகையை ஃபேனே அறைக்குள் இழுத்துவிடவும் கூடும்.

ஈரப்பத சென்சார் உள்ள மாடல்கள் விலை கூடியவை. ஆனால் சென்னை போன்ற கடலோர ஊரில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் ஃபேன் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். விளக்கை அணைத்த பின் 15 நிமிடம் ஓடி நிற்கும் டைமர் போதுமானது.

பொருத்தி முடித்ததும் கதவைச் சாத்தி, அடியிடைவெளியில் ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள். புகை உள்ளே விறுவிறுவென்று இழுக்கப்பட வேண்டும். இழுக்காவிட்டால் கதவைச் சற்றுத் திறந்து, கிரில்லில் ஒரு டிஷ்யூ தாளை வையுங்கள். அது ஒட்டி நின்றால் குறை கதவின் இடைவெளியில். விழுந்தால் குழாயிலோ ஃபேனிலோ. ஆட்களை அனுப்புவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.