கலிஃபோர்னியாவுல வாடகைத்தாய், இங்கிலாந்துல வீடு: பேப்பர் வேலையை எப்படி பண்றது

இங்கிலாந்துல இருந்துகிட்டு கலிஃபோர்னியாவுல வாடகைத்தாய் மூலமா குழந்தை பெத்துக்கப் போறவங்களுக்காக இது. ஐவிஎஃப், ஏஜென்சி எல்லாம் நீங்களே பாத்திருப்பீங்க, அதை விட்டுடறேன். இந்தியாவுல பண்ணலாமேன்னு சொல்ற சொந்தக்காரங்ககிட்ட, 2022 ஜனவரியில அமலுக்கு வந்த சட்டப்படி அங்க காசு குடுத்து பண்றது குற்றம்னு சொல்லிடுங்க.

ஸ்டெப் 1: ரெண்டு நாட்டுலயும் வக்கீல். கலிஃபோர்னியாவுல வாடகைத்தாய்க்குத் தனி வக்கீல், நமக்குத் தனி வக்கீல், அக்ரிமென்ட்ல கையெழுத்தாகி நோட்டரி ஆகற வரைக்கும் கருவை அவங்க கர்ப்பப்பையில வெக்கற ட்ரான்ஸ்ஃபருக்கான மருந்தே ஆரம்பிக்கக்கூடாது. இங்க இருக்கற வக்கீல்கிட்ட முதல்ல டொமிசைல் பத்தி, அதாவது சட்டப்படி எந்த நாடு உங்க நிரந்தர வீடுங்கறதைப் பத்தி கேளுங்க. சிட்டிசன்ஷிப் வேற, விசா வேற, டொமிசைல் வேற, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது அது யுகேல இருக்கணும். வேலை விசால வந்துட்டு, பின்னாடி ஊருக்கே போயிடலாம்னு இருக்கறவங்களுக்கு இங்கயே இடிக்கும்.

ஸ்டெப் 2: நீங்கதான் அப்பா அம்மான்னு பிரசவத்துக்கு முன்னாடியே அங்க கோர்ட் ஆர்டர். பர்த் சர்டிஃபிகேட்ல நேரா உங்க பேர் வரும். சர்டிஃபைட் காப்பி நாலஞ்சு வாங்கி வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 3: குழந்தைக்கு அமெரிக்க பாஸ்போர்ட். டிஎஸ்-11 ஃபார்ம், ரெண்டு பேரும் குழந்தையோட நேர்ல போகணும். போட்டோவுக்கு ஸ்டூடியோ தேவையில்ல, வெள்ளை பெட்ஷீட்ல படுக்க வெச்சு மேலேருந்து எடுங்க, உங்க கை நிழல் முகத்துல விழாம பாத்துக்கோங்க. பாஸ்போர்ட் கைக்கு வராம ரிட்டர்ன் டிக்கெட் போடாதீங்க. விசா இல்லாம ஈஸ்டால (அமெரிக்காவோட ஆன்லைன் பயண அனுமதி) போனா உங்களுக்கு 90 நாள்தான், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 4, எல்லாரும் மாட்டிக்கறது இங்கதான். அமெரிக்க ஆர்டர் கையில இருந்தாலும் யுகே சட்டத்துக்கு குழந்தையைச் சுமந்து பெத்த வாடகைத்தாய்தான் அம்மா, அவங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தா பொதுவா அவங்க வீட்டுக்காரர்தான் அப்பா. இதை மாத்தி உங்களைச் சட்டப்படி அப்பா அம்மா ஆக்கறதுக்கு இங்க கோர்ட் குடுக்கறதுதான் பேரன்டல் ஆர்டர், அதுக்கு சி51 ஃபார்ம், குழந்தை பொறந்து 6 மாசத்துக்குள்ள போடணும். அதுக்கு அவங்க சம்மதம் ஏ101ஏ ஃபார்ம்ல வேணும், ஆனா குழந்தை பொறந்து 6 வாரம் முடியறதுக்கு முன்னாடி போட்ட கையெழுத்து செல்லாது. அதாவது நீங்க இங்கிலாந்து திரும்பினதுக்கு அப்புறம், அவங்களும் வீட்டுக்காரரும் அங்க ஒரு நோட்டரி முன்னாடி போய் உக்காரணும். பிரசவம் முடிஞ்சு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிடுவாங்க, அதனால எந்த வாரம், எந்த நோட்டரி, ஃபீஸ் யாரு கட்டறதுன்னு கர்ப்பமா இருக்கறப்பவே பேசி வெச்சுடுங்க. அவங்க டிரைவிங் லைசென்ஸ்ல இருக்கற பேரும் ஃபார்ம்ல இருக்கற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு பாருங்க.

இதையெல்லாம் வாட்ஸ்அப்ல பேசாதீங்க, ஈமெயில்தான் பெஸ்ட், பின்னாடி தேடி எடுக்கலாம். குடுத்த பணத்தை கோர்ட் பாக்கும், அதனால எல்லா ரசீதும் ஒரே ஷீட்ல தேதியோட இருக்கட்டும்.

அப்டேட்: கமென்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தாங்க, தனியா இருக்கறவங்களும் 2019 ஜனவரியிலேர்ந்து பேரன்டல் ஆர்டருக்கு அப்ளை பண்ணலாம், ஆனா குழந்தை மரபணு ரீதியா உங்களோடதா இருக்கணும். இன்னொண்ணு, அமெரிக்க பாஸ்போர்ட்ல வர்ற கைக்குழந்தைக்கும் 2025 ஜனவரியிலேர்ந்து ஈடிஏ (யுகேவோட ஆன்லைன் பயண அனுமதி) வேணும். உங்க குழந்தை பொறக்கும்போதே பிரிட்டிஷா இல்லையாங்கறது கேஸுக்கு கேஸ் மாறும், அதை வக்கீல்கிட்ட எழுத்துல வாங்கிட்டு அப்புறம் ஈடிஏ போடுங்க.