இரவுக் காவலுக்கு ஒரு கருவி: வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர்களுக்கான வழிமுறை

நீண்டகால நோயாளியையோ தளர்ந்துபோன முதியவரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள், கருவிகளின் விலையை விசாரிப்பதற்கு முன்பாக, கடந்த ஒரு வாரத்தில் எந்தெந்த நேரங்களில் மனம் பதறியது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அவற்றுள் மிகுந்த அச்சம் தருவது எதுவோ, அதற்கான ஒரு கருவியை மட்டும் முதலில் வாங்குவது நல்லது. ஒரே நாளில் ஐந்தைப் பொருத்தினால், ஓயாத ஒலி தாங்காமல் ஐந்தையும் அணைத்துவைக்கும் நிலைதான் வரும்.

பெரும்பாலான வீடுகளில் அந்த அச்சம், நோயாளி நள்ளிரவில் துணையின்றி எழுந்து கழிவறைக்குச் செல்வதாகவே இருக்கும். இதற்கு மெத்தையின் மேலோ அடியிலோ விரிக்கும் அழுத்த உணரி உதவும். உடலின் எடை நீங்கியதும் அது எச்சரிக்கும். எச்சரிக்கை மணி பராமரிப்பவரின் அறையில் ஒலிக்க வேண்டுமே தவிர நோயாளியின் தலைமாட்டில் அன்று, ஏனெனில் திடுக்கிட்டு எழுபவர் தடுமாறி விழும் வாய்ப்பு அதிகம். கூடவே, அசைவை உணர்ந்து எரியும் சிறு விளக்கு ஒன்றைக் கட்டிலுக்கு அடியில், தரையை நோக்கிப் பொருத்தினால், புரண்டு படுக்கும்போது எரியாமல், கால் தரையில் பட்டதும் கண் கூசாத வெளிச்சம் கிடைக்கும். மிக மெலிந்த உடலின் எடையைச் சில உணரிகள் கண்டுகொள்வதில்லை. ஆகவே நோயாளியையே படுக்கவும், புரளவும், உட்காரவும் வைத்துச் சோதித்த பிறகே அதை நம்பலாம்.

விழுவதைக் கண்டறியும் கைக்கடிகாரங்களை விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. திடீர் அசைவையும் மோதலின் அதிர்வையும் வைத்தே அவை முடிவெடுப்பதால், நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்து தரையில் அமர்ந்துவிடுபவரை அவை தவறவிடக்கூடும். வழுக்கி விழும் அபாயம் மிகுந்த இடம் குளியலறை என்பதால், நீர் புகாத கடிகாரத்தையே தேர்ந்தெடுத்து, பராமரிப்பவர் அருகில் இருக்கும் பகல் வேளையில் சார்ஜ் போட வேண்டும்.

தானியங்கி மாத்திரைப் பெட்டி, மாத்திரை வைத்த அதன் சிறு அறை திறக்கப்பட்டதா என்பதைச் சொல்லுமே தவிர, மாத்திரை விழுங்கப்பட்டதா என்பதைச் சொல்லாது. ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மானி, கை சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தவறான அளவைக் காட்டலாம். கருமையான தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டக்கூடும். எனவே எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்குகிறது என்றால், எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். ஆரோக்கியமானவர்களுக்கு 95 முதல் 100 சதவீதம் வரை இயல்பு என்றாலும், நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு அதைவிடக் குறைந்த அளவை மருத்துவர் இலக்காக வைத்திருக்கலாம். ஆகவே எச்சரிக்கைக்கான எல்லையை மருத்துவரிடம் கேட்டே அமைக்க வேண்டும். ரத்த அழுத்தத்தை, 5 நிமிடம் பேசாமல் அமர்ந்த பிறகு, கையை இதயத்தின் உயரத்தில் வைத்து அளக்க வேண்டும்.

எச்சரிக்கை முதலில் யாருக்குப் போகும், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் யார், வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மின்சாரமும் வைஃபையும் நின்றால் என்ன ஆகும் என்பதை, இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஒரு பகலில் சோதித்துப் பார்ப்பதும் அவசியம்.

கேமராவை வேறு வழியில்லாதபோது மட்டும், அதுவும் நோயாளியின் சம்மதத்தோடு பயன்படுத்தலாம். மறதி நோய் உள்ளவரிடமும், அவர் தெளிவாக இருக்கும் வேளையில் கேட்க வேண்டும். உடை மாற்றும் இடத்திலும் கழிவறையிலும் அது கூடவே கூடாது. கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் முறை) இயக்கிவிடுங்கள். கருவியின் கைபேசிச் செயலியைப் பார்க்கும் அனுமதி பெற்ற உதவியாளர் வேலையை விட்டு நின்றால், அவருடைய அனுமதியை அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.