10 மைக்ரோஹென்றி என்று மட்டும் கேட்காதீர்கள்: காயிலும் கரண்ட் சென்ஸாரும் தேர்ந்தெடுப்பது எப்படி

டிப்ளமோ படிக்கும் அக்கா பையன் போன மாதம் ஒரு போர்டோடு எங்கள் அல்சூர் வீட்டுக்கு வந்தான். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும் பக் கன்வெர்ட்டர், அதாவது டிசி வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சர்க்யூட்.

"சித்தி, ஆன் பண்ணின கொஞ்ச நேரத்துல ஐசி போயிடுச்சு. சர்க்யூட்டை நாலு தடவை பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு."

சர்க்யூட் சரிதான். ஆனால் பெரிய காயில் (இண்டக்டர்) இருக்க வேண்டிய இடத்தில், ரெசிஸ்டர் போலவே இருக்கும் பச்சை நிறக் குட்டிக் காயில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் வண்ணப் பட்டைகள் பழுப்பு, கறுப்பு, கறுப்பு: இண்டக்டன்ஸ் 10 மைக்ரோஹென்றி என்று அர்த்தம். பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் "10 மைக்ரோஹென்றி கொடுங்க" என்று கேட்டிருக்கிறான், கடைக்காரரும் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார். இண்டக்டன்ஸை அளக்கும் என் எல்சிஆர் மீட்டரிலும் 10 என்றே வந்தது. மீட்டர் மிகச் சிறிய கரண்டை விட்டு அளக்கிறது. போர்டில் ஓடுவது 2 ஆம்பியர். அந்தக் குட்டிக் காயில் சில நூறு மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது.

அவனுக்குச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் கரண்டைக் கணக்கிடுங்கள்

காயிலில் ஓடும் கரண்ட் நேர்கோடாக இருக்காது, ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை முழு லோடில் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 2 ஆம்பியருக்கு அது 0.6 ஆம்பியர்.

நம் ஐசிக்குள் இருக்கும் ஸ்விட்ச் 500 கிலோஹெர்ட்ஸில் ஆன்-ஆஃப் ஆகிறது. டியூட்டி, அதாவது ஸ்விட்ச் ஆனில் இருக்கும் நேரப் பங்கு, 5 ÷ 12 = 0.42. மீதி 0.58.

இண்டக்டன்ஸ் = 5 × 0.58 ÷ (5,00,000 × 0.6). ஏறத்தாழ 9.7 மைக்ரோஹென்றி. கடையில் கிடைக்கும் அடுத்த மதிப்பு 10.

ஏற்ற இறக்கத்தில் பாதி மேலே போகும், அதனால் உச்சக் கரண்ட் 2 + 0.3 = 2.3 ஆம்பியர். இந்த எண்ணையும் 10-க்குப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

படி 2: டேட்டாஷீட்டில் மூன்று எண்கள்

முதலாவது சாச்சுரேஷன் கரண்ட். கம்பி சுற்றியிருக்கும் நடுப்பொருளான கோர் தாங்கக்கூடிய காந்தப்புலத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் இண்டக்டன்ஸ் சரிகிறது, கரண்ட் செங்குத்தாக ஏறுகிறது, ஸ்விட்ச் எரிகிறது. பல கம்பெனிகள் இண்டக்டன்ஸ் 30 சதவீதம் குறையும் கரண்டை இந்த எண்ணாகக் கொடுக்கின்றன. சில 20, சில 10 சதவீதத்தில் கொடுக்கின்றன. அடிக்குறிப்பைப் படிக்காமல் இரண்டு காயில்களை ஒப்பிட வேண்டாம். ஃபெரைட் கோர் சூடாகும்போது இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். 2.3-க்கு 2.5 போதும் என்று நினைக்காதீர்கள். ஷார்ட் ஆனால் கரண்ட் ஐசியின் கரண்ட் லிமிட் வரை போகும். லிமிட் 3.5 என்றால் காயிலும் 3.5-க்கு மேல் தாங்க வேண்டும்.

இரண்டாவது, காயில் எவ்வளவு சூடாகும் என்பதை வைத்துச் சொல்லும் ஆர்எம்எஸ் கரண்ட். மூன்றாவது கம்பியின் டிசி ரெசிஸ்டன்ஸ். 50 மில்லிஓம் என்றால் 2 ஆம்பியரில் 0.2 வாட் வெப்பம். 10 வாட் சப்ளைக்கு இது பரவாயில்லை.

படி 3: பழைய காயிலைப் போடலாமா?

பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பவர் சப்ளை) கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையங்கள் கிடைக்கும். தடித்த கம்பி, பார்த்தால் ஆசையாக இருக்கும். அது இரும்புத்தூள் கோர், குறைந்த ஃப்ரீக்வென்சிக்கானது. 500 கிலோஹெர்ட்ஸில் கோரே சூடாகும். நான் போட மாட்டேன்.

படி 4: கரண்டை அளக்க எது?

சிறிய டிசி கரண்டுக்கு என் தேர்வு ஷன்ட் ரெசிஸ்டர்தான்: கரண்ட் ஓடும் வழியில் மிகச் சிறிய ரெசிஸ்டரை வைத்து, அதில் விழும் வோல்டேஜை அளப்பது. 100 மில்லிஓம் போட்டால் 2 ஆம்பியரில் 200 மில்லிவோல்ட் இழப்பு, 0.4 வாட் சூடு. 5 வோல்ட் சப்ளையில் இது அதிகம். 10 மில்லிஓம் போட்டால் 20 மில்லிவோல்ட், 0.04 வாட்தான். ஆனால் 5 வோல்ட், 10 பிட் ஆர்டுயினோவில் அளக்கக்கூடிய ஒரு படியே 4.9 மில்லிவோல்ட், மொத்தம் நாலு படிதான் கிடைக்கும். அதனால் நடுவில் ஆம்ப்ளிஃபையர் வேண்டும், அல்லது 10 மைக்ரோவோல்ட் படிகளில் அளக்கும் ஐஎன்ஏ219 போன்ற ஐசி வேண்டும்.

இங்கே கவனம். 10 மில்லிஓம் ஷன்ட்டில், ஸோல்டரும் ட்ராக்கும் சேர்ந்து 1 மில்லிஓம் கூட்டினாலே 10 சதவீதப் பிழை. அளக்கும் இரண்டு ட்ராக்கையும் ஷன்ட்டின் பேடுகளுக்கு உள்பக்கத்திலிருந்து தனியாக இழுங்கள். இதுதான் கெல்வின் இணைப்பு. காப்பர் கம்பித் துண்டையே ஷன்ட்டாக வைக்க வேண்டாம்: ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் மாறும்.

கரண்ட் அதிகம், அல்லது மெயின்ஸிலிருந்து பிரித்து அளக்க வேண்டும் என்றால், காந்தப்புலத்தை வைத்து கரண்டை அளக்கும் ஹால் சென்ஸார். ஏசிஎஸ்712 என்ற ஹால் சென்ஸாரின் 5 ஆம்பியர் வகை ஆம்பியருக்கு 185 மில்லிவோல்ட் தரும், 30 ஆம்பியர் வகை 66 தான். பெரியதை வாங்கி வைத்தால் பிற்பாடு உதவும் என்று 30-ஐ எடுத்தால் சின்னக் கரண்ட் தெரியவே தெரியாது.

வீட்டு ஏசி லைனுக்கு, வளையம் போல இருக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். டிசியில் வேலை செய்யாது. ஒரே ஒரு வயரை மட்டும் நடுவில் விடுங்கள். ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனால் ஒன்றையொன்று ரத்து செய்து பூஜ்யம் காட்டும். பிரைமரியில் (நடுவில் போகும் வயரில்) கரண்ட் ஓடும்போது செகண்டரியை (வளையத்தில் சுற்றிய காயிலை) எதிலும் இணைக்காமல் திறந்து விடவே கூடாது, ஆபத்தான வோல்டேஜ் எழும்.

படி 5: பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள்

மூடிய உறை இல்லாத காயிலின் காந்தப்புலம் வெளியே கசியும். பக்கத்தில் ஹால் சென்ஸார் இருந்தால் அதையும் சேர்த்து அளந்துவிடும். ஷீல்டட் காயில் வாங்குங்கள், சென்ஸாரைப் போர்டின் மறுமுனைக்குத் தள்ளுங்கள்.

படி 6: ஆன் செய்வது

நேராக 2 ஆம்பியர் லோடைப் போடாதீர்கள். 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் நான்கு வாங்குங்கள். ஒவ்வொன்றும் 0.5 ஆம்பியர் எடுக்கும். ஒவ்வொன்றாக பேரலலில் சேர்க்க, 10 மில்லிஓம் ஷன்ட்டில் 5, 10, 15, 20 மில்லிவோல்ட் என்று ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் விட்டு காயிலின் சூட்டைப் பாருங்கள். மூன்றாவதிலேயே ஐசி கொதித்தால் நான்காவதைச் சேர்க்காமல் அணைத்துவிட்டு படி 2-க்குத் திரும்புங்கள்.