வான் வில்லியம்ஸ் ஒலிப்பதிவுகள்: தேர்விலும் கேட்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில இசையமைப்பாளர் ரேஃப் வான் வில்லியம்ஸை (1872–1958) முதன்முதலாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் 'தி லார்க் அசெண்டிங்' வழியாகவோ 'கிரீன்ஸ்லீவ்ஸ்' ஃபேன்டேசியா வழியாகவோதான் வருகிறார்கள். இரண்டும் அழகானவை. ஆனால் அந்த அழகையே அளவுகோலாக வைத்து மற்றப் பதிவுகளைத் தேடும்போது வழி தவறிவிடுகிறது. இவர் 1903 டிசம்பரில் எசெக்ஸ் மாவட்டத்து இங்க்ரேவ் கிராமத்தில் தொடங்கி 800க்கும் மேற்பட்ட நாட்டுப்பாடல்களைச் சேகரித்தவர். ஒரு நாட்டின் இசை அந்த மண்ணின் பாட்டிலிருந்தே முளைக்க வேண்டும் என்று நம்பியவர். அதே மனிதர்தான் 1907–08இல் பாரிஸ் போய் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலிடம் பயின்றார், இரண்டு சிம்பொனிகளை அறைவது போன்ற சத்தத்தோடு தொடங்கினார். மென்மையான பதிவே நல்ல பதிவு என்று எண்ணினால் இந்த இரண்டாவது மனிதரை இழந்துவிடுவோம்.

தேடும்போதே நேரும் குழப்பம்

குடும்பப் பெயர் 'வான் வில்லியம்ஸ்' என்ற இரு சொற்களும் சேர்ந்ததுதான். கடைகளிலும் பட்டியல்களிலும் ஆங்கில 'வி' எழுத்தில் தேடுங்கள், 'டபிள்யூ'வில் அல்ல. ஏழாவது சிம்பொனியின் தலைப்பு இத்தாலிய மொழியில் 'சின்ஃபோனியா அன்டார்டிகா'. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது 'ஆர்'க்கும் 'டி'க்கும் நடுவே 'சி' வராது (Antartica). ஆங்கில வழக்கப்படி 'சி' சேர்த்துத் தட்டினால் சில தளங்களில் பாதிப் பதிவுகள் கண்ணில் படாமலே போகும்.

எண்களில் இன்னும் கவனம் வேண்டும். முதல் மூன்று சிம்பொனிகளுக்கும் ஏழாவதுக்கும் பெயர் உண்டு. நான்கு, ஐந்து, ஆறு மூன்றையும் அவர் சுருதியைச் சொல்லியே வெளியிட்டார்: எஃப் மைனர், டி மேஜர், இ மைனர். 1956இல் வந்த எட்டாவது டி மைனரில் அமைந்ததால், ஐந்தாவதோடு குழம்பாமல் இருக்கவே எண் இடும் வழக்கம் வந்தது. ஆகவே நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளிலும் தொடக்க கால எல்.பி.களிலும் 'சிம்பொனி இன் டி' என்று மட்டும் இருந்தால் அது ஐந்தாவது. 'இ மைனர்' என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஆறும் ஒன்பதும் இரண்டுமே இ மைனர்தான். 1958க்கு முந்திய பதிவாக இருந்தால் அது ஆறாவதாகவே இருக்க முடியும், ஏனெனில் ஒன்பதாவது அந்த ஆண்டு ஏப்ரல் 2 அன்றுதான் அரங்கேறியது.

எந்தப் பிரதி என்று பார்க்காமல் ஒப்பிடுவது

தவறுகளில் பெரியது இதுதான். இரண்டாவது சிம்பொனியான 'லண்டன் சிம்பொனி' 1914 மார்ச்சில் அரங்கேறியது. அதன்பின் அவர் அதைப் பலமுறை வெட்டித் திருத்தினார். 1920இல் ஒரு பதிப்பும், 1930களில் இறுதிப் பதிப்பும் வந்தன. மூலப் பிரதி, அதாவது முதலில் எழுதிய வடிவம், ஓட ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். இறுதிப் பிரதி பல பதிவுகளில் 45 நிமிடத்தை ஒட்டியே முடிந்துவிடும். அதிகம் வெட்டப்பட்டவை மெதுவான இரண்டாம் பகுதியும் நிறைவுப் பகுதியும்தான்.

போல்ட், பார்பிரோலி, பிரெவின், ஹேண்ட்லி, ஹைட்டிங்க் ஆகிய நடத்துநர்கள் எல்லாரும் இசைத்தது இறுதிப் பிரதி. ரிச்சர்ட் ஹிக்காக்ஸ் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுடன் ஷான்டோஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் செய்து 2001இல் வெளிவந்த பதிவு, இசையமைப்பாளரின் மனைவி அர்சுலாவின் அனுமதியோடு 1913 மூலப் பிரதியிலிருந்து இசைக்கப்பட்டது. மார்ட்டின் பிராபின்ஸ் ஹைபீரியன் நிறுவனத்துக்காக 1920 பிரதியை எடுத்துக்கொண்டார். 1941இல் யூஜின் கூசன்ஸ் சின்சினாட்டியில் பதிந்ததும் 1920 பிரதிதான். இது தெரியாமல் "ஹிக்காக்ஸ் மிக மெதுவாக இழுக்கிறார்" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. அவர் இழுக்கவில்லை, அங்கே இசையே அதிகம். முதல்முறை கேட்பவர் இறுதிப் பிரதியிலிருந்து தொடங்குவதே சரி. அதன் கட்டுக்கோப்பு மனத்தில் பதிந்த பிறகு மூலப் பிரதிக்குப் போனால், எதை இழக்க அவர் துணிந்தார் என்பது காதுக்குத் தெரியும். நிறைவுப் பகுதியில் வெட்டுப்பட்ட சில பக்கங்கள் உண்மையிலேயே இழப்புதான்.

ஆறாவதிலும் இப்படி ஒன்று உண்டு. 1948இல் அரங்கேறிய பின் அதன் மூன்றாம் பகுதியான ஸ்கெர்ட்சோவை (வேகமான பகுதி) 1950இல் திருத்தினார். 1949இல் நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி நியூயார்க்கிலும் போல்ட் லண்டனிலும் செய்த பதிவுகளில் இருப்பது திருத்தப்படாத ஸ்கெர்ட்சோ. போல்ட் 1950இல் புதிய ஸ்கெர்ட்சோவை மட்டும் தனியாகப் பதிந்து கொடுத்தார். மறுவெளியீடுகள் சிலவற்றில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். அதை ஒரே பகுதி இருமுறை ஏறிவிட்ட பிழை என்று எண்ணி ஒன்றை நீக்கிவிடாதீர்கள்.

'இங்கிலிஷ் ஃபோக் சாங் சூட்' 1923இல் ராணுவ வாத்தியக் குழுவுக்காக எழுதப்பட்டது. இசைக்குழுவுக்கு மாற்றியவர் கார்டன் ஜேக்கப். வயலின்களை எதிர்பார்த்து வாங்குபவர் உறையில் ஜேக்கப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'லார்க்'குக்கும் வயலின்–பியானோ வடிவம் உண்டு, அதுதான் முதலில் வந்தது; பட்டியலில் இசைக்குழுவின் பெயர் இல்லையென்றால் அதுவாக இருக்கலாம்.

ஒலியளவும் கருவி அமைப்பும்

ஆறாவது சிம்பொனியின் கடைசிப் பகுதி ஏறக்குறைய பத்து நிமிடம். தொடக்கம் முதல் இறுதி வரை 'பியானிசிமோ', அதாவது மிக மெல்ல. எங்கும் ஏறக்கூடாது என்று ஸ்கோரிலேயே (எழுதிய இசைக்குறிப்பிலேயே) எச்சரிக்கை இருக்கிறது. கேட்கவில்லையே என்று இங்கே ஒலியைக் கூட்டுவதுதான் எல்லாரும் செய்வது. கூட்டினால் அந்தப் பகுதியின் பொருளே மாறிவிடும். மூன்று பகுதிகள் முட்டி மோதிய பிறகு வரும் உயிரற்ற வெளி அது.

சரியான முறை: முதல் பகுதி பெருஞ்சத்தத்தோடு திறக்கும். அந்த முதல் அரை நிமிடத்தை வைத்து, காது தாங்கும் எல்லையில் ஒலியளவை நிறுத்துங்கள். பிறகு கடைசி வரை தொடாதீர்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், முடியாவிட்டால் வெளிச்சத்தம் புகாத ஹெட்போன் வேண்டும்.

இசை கேட்கும் செயலியில் மூன்று அமைப்புகளைச் சரிபாருங்கள். முதலாவது, பாடல்களின் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி. ஆல்பமாக ஓடவிட்டால் பெரிய கேடில்லை. பிளேலிஸ்டில் இந்தப் பகுதியைத் தனியாகப் போட்டால் செயலி அதை உரக்க ஒலிக்க வைத்துவிடும். அணைத்துவிடுவதே நல்லது. இரண்டாவது, ஒரு பாடலின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலக்கும் 'கிராஸ்ஃபேட்'. அது பூஜ்யத்தில் இருக்கட்டும். மூன்றாவது, இடைவெளியில்லாமல் ஓடும் வசதி. ஆறாவதின் நான்கு பகுதிகளும் நிறுத்தமின்றி ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. அன்டார்டிகாவின் மூன்றாம் பகுதியும் அப்படியே நான்காவதில் கலக்கும். இடையில் அரை நொடி வெற்றிடம் விழுந்தாலும் அந்தத் தாவல் செத்துவிடும்.

இன்னொன்று. போல்ட் டெக்கா நிறுவனத்துக்காகச் செய்த ஆறாவதின் பதிவில், இசை முடிந்ததும் வான் வில்லியம்ஸ் இசைக்குழுவுக்கு நன்றி சொல்லும் பேச்சு வரும். வரலாற்றுப் பொக்கிஷம்தான், ஆனால் அந்த முடிவின் அமைதியை உடைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. தானாக அடுத்த டிராக்குக்குப் போவதை நிறுத்திவைத்து, பேச்சைப் பிறகு கேளுங்கள்.

சிறு புளூடூத் ஸ்பீக்கரில் ஐந்தாவது சிம்பொனியைக் கேட்பதும் தவறு. ஹார்ன்கள் டி மேஜரில் அழைக்கும்போது, அடியில் செலோவும் டபுள் பாஸும் அதற்குச் சொந்தமில்லாத 'சி' சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இசை எந்தச் சுருதியில் நிற்கிறது என்ற அந்த ஊசலாட்டமே தொடக்கத்தின் உயிர். சிறு ஸ்பீக்கர் அடிச்சுரத்தை விழுங்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் இனிமை.

டாலிஸ் ஃபேன்டேசியாவில் இடமும் ஒரு வாத்தியம்

பழைய இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸின் மெட்டை வைத்து எழுதி, 1910இல் குளோஸ்டர் பேராலயத்தில் அரங்கேறிய இந்தப் படைப்பில் நரம்பு வாத்தியங்கள் மூன்று கூட்டமாகப் பிரியும்: பெரிய குழு, ஒன்பது பேர் கொண்ட சிறு குழு, நால்வர். சிறு குழு முடிந்தவரை விலகி உட்கார வேண்டும் என்பது அவர் எழுதிய குறிப்பு. எனவே ஒலிப்பதிவுக்கூடத்தில் நெருக்கிப் பதிந்த 'தெளிவான' பதிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சோதிக்க ஒரு வழி: தனி வயோலா பாடத் தொடங்குவதற்குச் சற்று முன், பெரிய குழு சொன்னதற்குச் சிறு குழு பதில் சொல்லும். அந்தப் பதில் தொலைவிலிருந்து வருவதாகத் தோன்றினால் நல்ல பதிவு. பார்பிரோலி 1962இல் லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் சின்ஃபோனியா ஆஃப் லண்டனுடன் பதிந்தது இன்றும் எங்கள் முதல் தேர்வு. கைப்பேசி ஸ்பீக்கரில் இதைக் கேட்பதைவிடக் கேட்காமல் இருக்கலாம்.

'பாஸ்டரல்' என்ற பெயர் காட்டும் தவறான வழி

1922இல் வந்த மூன்றாவது சிம்பொனியின் பெயர் 'பாஸ்டரல்', அதாவது மேய்ச்சல் நிலம் சார்ந்தது; ஆனால் அது புல்வெளிப் பாட்டல்ல. முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் பிரிவில் பணிபுரிந்தபோது மனத்தில் ஊறியது. ஆட்டுக்குட்டி துள்ளும் இசையாக எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவரே கடிதத்தில் வருந்தியிருக்கிறார். இரண்டாம் பகுதியில் வால்வு இல்லாத டிரம்பெட் ஒன்று தனியாக ஒலிக்கும்; பயிற்சியின்போது எட்டாம் சுரத்துக்குப் பதில் ஏழில் தவறி விழுந்த ஒரு போர்வீரரின் பியூகிள் (ராணுவ ஊதுகொம்பு)தான் அதன் மூலம். அதில் ஒரு சுரம் சற்றே தாழ்ந்து ஒலித்தால் அது பதிவின் குறையல்ல, வாத்தியத்தின் இயல்பு. இறுதிப் பகுதியில் சொற்களற்ற குரல் தூரத்திலிருந்து வர வேண்டும். பாடகி மைக்குக்கு முன்னால் நிற்பதுபோல் கேட்டால் அந்தப் பதிவை விட்டுவிடலாம். ஹெதர் ஹார்ப்பர் பாடிய பிரெவின் பதிவில் அந்தத் தூரம் சரியாக இருக்கிறது.

பழைய தட்டுகள், பெட்டித் தொகுப்புகள்

போல்ட் 1950களில் டெக்காவுக்காகப் பதிந்த முதல் ஏழு சிம்பொனிகள் மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. பின்னாளில் எக்ளிப்ஸ் வரிசை எல்.பி.களில் இவற்றை மின்னணு முறையில் 'ஸ்டீரியோ' ஆக்கி விற்றார்கள். ஒலி மங்கி, குகைக்குள் ஒலிப்பதுபோல் ஆகிவிட்டது. 'இ.சி.எஸ்.' (ECS) என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் ஒதுக்குங்கள், 'எல்.எக்ஸ்.டி.' (LXT) என்று தொடங்கும் மூல மோனோத் தட்டையோ பின்னாள் சி.டி.யையோ வாங்குங்கள். அன்டார்டிகாவில் ஒவ்வொரு பகுதிக்கும் முன் ஸ்கோரில் அச்சாகியிருக்கும் மேற்கோள்களை இந்தப் போல்ட் பதிவில் நடிகர் ஜான் கீல்குட் படிக்கிறார். பிரெவின் பதிவில் நடிகர் ரால்ஃப் ரிச்சர்ட்சன். பேச்சு குறுக்கிடாத அன்டார்டிகா வேண்டுமானால் ஹைட்டிங்க்.

நான்காவதை இசையமைப்பாளரே 1937 அக்டோபரில் பி.பி.சி. சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுடன் பதிந்தார். ஏறக்குறைய 30 நிமிடத்தில் பறந்து முடியும். அதைக் கேட்காமல் இந்தச் சிம்பொனியின் வேகம் பற்றிப் பேசக்கூடாது. 78 தட்டிலிருந்து எடுத்தது என்பதால் இரைச்சலை முழுக்கத் துடைத்த பிரதியைத் தேடாதீர்கள். இரைச்சலோடு வயலின்களின் மேல்சுரமும் போயிருக்கும்.

ஒன்பதையும் ஒரே பெட்டியாக முதலிலேயே வாங்க வேண்டாம். ஒரே நடத்துநருக்கு நான்காவதின் கோபமும் ஐந்தாவதின் பொறுமையும் சமமாக வாய்ப்பது அரிது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ராயல் லிவர்பூல் ஃபில்ஹார்மோனிக்குடன் வெர்னன் ஹேண்ட்லி செய்த தொகுப்பில் பலவீனமான தட்டு குறைவு. ஹிக்காக்ஸின் ஷான்டோஸ் வரிசையை முழுத் தொகுப்பு என்று நம்பி வாங்காதீர்கள். அவர் 2008இல் மறைந்தபோது ஏழும் ஒன்பதும் மீதமிருந்தன. அவற்றைப் பின்னர் ஆண்ட்ரூ டேவிஸ் பெர்கன் ஃபில்ஹார்மோனிக்குடன் பதிந்தார். எட்டாவதுக்கு அதை அரங்கேற்றிய பார்பிரோலியும் ஹாலே இசைக்குழுவும் 1956இல் பதிந்ததை எடுங்கள். ஒன்பதாவதுக்கு போல்ட் எவரெஸ்ட் நிறுவனத்துக்காகப் பதிந்தது இருக்கிறது: பதிவு நாள் 1958 ஆகஸ்ட் 26. அன்று அதிகாலை வான் வில்லியம்ஸ் காலமாகியிருந்தார். தட்டின் தொடக்கத்தில் போல்ட் அதைச் சில வாக்கியங்களில் சொல்கிறார். சில மறுவெளியீடுகளில் அந்தப் பேச்சு தனி டிராக்காக இருக்கும். நேராகச் சிம்பொனிக்குப் போய்விடாமல் முதலில் அதைக் கேளுங்கள்.