குள்ளமா இருக்கற பொண்ணுங்க எவ்ளோ வெயிட் இருக்கணும்? கணக்கு போடுற வழி

ஃப்ரெண்டு 55 கிலோ, நானும் 55க்கு வரணும்ங்கற நெனப்ப மொதல்ல விட்டுடுங்க, அவ ஹைட்டு வேற உங்க ஹைட்டு வேற. செருப்பில்லாம செவுத்தோட ஒட்டி நின்னு ஹைட்ட அளந்து, மீட்டர்ல எழுதி அதாலயே பெருக்குங்க. 150 செ.மீ.னா 1.5 x 1.5 = 2.25. இத 18.5ஆல பெருக்கினா 41.6, 22.9ஆல பெருக்கினா 51.5, இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் உங்க கோல். இந்த 18.5, 22.9 எல்லாம் பிஎம்ஐ நம்பர், அதாவது வெயிட்ட (கிலோ) இப்படி பெருக்கின ஹைட்டால வகுத்தா வர்றது. நெட்ல பாதி சார்ட்டு பிஎம்ஐ 25 வரைக்கும் நார்மல்னு காட்டும், ஆனா நம்ம ஆளுங்களுக்கு கம்மி வெயிட்லயே சுகர் வர்றதால இந்தியாவுல 23லயே ஓவர்வெயிட்டுனு சொல்லிடுவாங்க.

வெயிட்ட விட இடுப்புதான் முக்கியம்னு நான் சொல்லுவேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப் வச்சு, மூச்ச விட்டுட்டு அளங்க (வயித்த உள்ள இழுக்காதீங்க, யாரும் பாக்கல!). 80 செ.மீ.க்குள்ள இருக்கணும், ஹைட்டுல பாதிக்குள்ள இருந்தா இன்னும் நல்லது.

இப்ப 60 கிலோன்னா நேரா 48னு வைக்காதீங்க, மொதல்ல 3 கிலோ கொறைங்க, அதுக்கே சுகர் பிபில வித்தியாசம் தெரியும். சின்ன உடம்புக்கு செலவாகுற கலோரியே கம்மி, அதனால மெதுவாதான் எறங்கும், அதுக்காக பட்டினி கெடக்காம சோத்த கொறச்சு முட்டை, பருப்பு, சுண்டல்னு கூட்டிக்கோங்க. பீரியட்ஸ் தள்ளிப்போனா, முடி கொட்டுனா டாக்டர பாருங்க. கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் 18 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கும் இந்த கணக்கு செட்டாகாது.